எளிமையின் சுமை: தமிழெழுதும் கருவிகளின் அமைப்புப் பற்றிய ஓர் ஆய்வு

வெண்பா புலவர்க்குப் புலி என்பர். இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையுமன்றிப் பிற தளை அதன்கண் விரவலாகாது. ஈற்றடி முச்சீராய் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைக் கொண்டு முடிதல் வேண்டும். இத்துணை வரையறைகள் சூழ்ந்த யாப்பே சுருங்கிய சொல்லால் விரிந்த பொருளை உணர்த்துதற்குத் தமிழிற் சிறந்த கருவியாய் அமைந்தது. வரையறை புலவனைத் தடுப்பதோடு நில்லாது, வேண்டாத சொல் யாது, இன்றியமையாத சொல் யாது எனத் தெரிந்தெடுக்கவும் அவனை ஏவுகின்றது. பொருள்களை ஆக்குவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். கட்டில் செய்யும் தச்சனும் பொறி அமைக்கும் பொறியியலாளனும் தமக்கு வாய்த்த மரமும் உலோகமும் பணமும் காலமும் அளவுடையன என்பதை உணர்ந்த பின்னரே, மிகையானவற்றைக் களைந்து எளிய வடிவத்தை நாடுகின்றனர். ஆதலின் வரையறையே எளிமையைப் பயக்கும் என்னுங் கொள்கை பொருளமைப்புத் துறையிற் பெரிதும் பாராட்டப்படுகின்றது.

இக்கொள்கை மெய்யே, ஆயின் முழுமையுடையதன்று. ஒரு கருவி எளிமையடையும்போது அதனின்று நீக்கப்பட்ட வேலை எங்கே செல்கின்றது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. சிலபோது அவ்வேலை உண்மையிலேயே அற்றுப்போகின்றது. வேறு சிலபோது கருவியின் தோளினின்று இறங்கி, அதனைக் கையாள்வோன் தோளிலோ, அவனுக்குப் பின் வருவோன் தோளிலோ ஏறிக்கொள்கின்றது. முன்னையது மெய்யான எளிமை. பின்னையது இடம்மாறிய சுமை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருத்தலின், இவற்றை வேறுபடுத்தி அறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தேடுதற்குத் தமிழெழுதும் கருவிகளின் வரலாறு நல்லதொரு களமாகும். பனையோலை, தட்டெழுத்துப் பொறி, கணினி என்னும் மூன்றும் மூவகை வரையறைகளைத் தமிழெழுத்தின்மீது சுமத்தின. அவற்றுக்குத் தமிழர் கண்ட விடைகளும் மூவகைப்பட்டன.

முதற்கண் ஓலையை நோக்குவாம். பதப்படுத்திய பனையோலையிற் கூரிய இரும்பெழுத்தாணியாற் கீறி எழுதுவதே பழைய வழக்கு. மையும் தூரிகையும் போலன்றி எழுத்தாணி ஓலையைப் புண்படுத்தியே எழுதுகின்றது. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். துளை நாளடைவிற் கிழிவாகும். எனவே ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டனர். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியத்தின் விதிகள். ஓலையின் வரையறை இவ்விரு விதிகளையும் எழுத்து வழக்கிற் செயலற்றனவாக்கியது. அதனோடு, ரகரமும் ஆகாரத்தைக் குறிக்கும் காலும் வேறுபாடின்றி ஒரே உருவில் எழுதப்பட்டன. சொற்களுக்கிடையே வெளிவிடும் வழக்கமும் இல்லை.

எழுதுவோன் பக்கம் நின்று நோக்கின் இது சிறந்த எளிமையாகும். கீறவேண்டிய உருவங்கள் குறைந்தன, ஓலை காக்கப்பட்டது, கை விரைந்து சென்றது. படிப்போன் பக்கம் நின்று நோக்குவாருக்கோ வேறொரு காட்சி தோன்றும். தகரத்தின் முன் ஒரு கொம்பும் பின் ஒரு காலும் கீறப்பட்டிருப்பின், அது ‘தேர்’ எனவும் படிக்கப்படலாம். ‘தெர’ எனவும் ‘தேர’ எனவும் படிக்கப்படலாம். ‘தொ’ என்றோ ‘தோ’ என்றோ ஓரெழுத்தாகவும் கொள்ளப்படலாம். இவற்றுள் யாது பொருந்தும் என்பதைப் பொருளும் யாப்பும் இலக்கணமும் அறிந்தவனே துணியவல்லன். எழுதுவோன் இறக்கிவைத்த சுமையைப் படிப்போன் எடுத்துக்கொண்டான் என்பது இதனாற் பெறப்படும்.

இதுபற்றி ஏடெழுதினோரைக் குறைகூறுதல் முறையன்று. அக்காலத்து ஏடு, ஆசிரியரிடம் பாடங்கேட்டவனுக்கு நினைவூட்டும் துணையாக இருந்ததேயன்றி, தனியே நின்று பொருளுணர்த்தும் நூலாக இருந்ததில்லை. புள்ளி விட்ட இடத்தை ஆசிரியரின் வாய்மொழி நிரப்பிற்று. ஆகவே அவ்வெளிமை ஏட்டில் எழுதப்படாத ஒரு துணையைத் தாங்கி நின்றது. அத்துணை உள்ளவரை குறை தோன்றவில்லை. பாடங்கேட்கும் மரபு அறுந்த நூல்களிலேதான் சுமையின் கனம் வெளிப்பட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டிற் பதிப்பித்தபோது, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த சுமையையே அவ்விருவரும் தாங்கவேண்டியவராயினர். பல ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, ஒவ்வோரெழுத்தாகத் துணிந்த அவர்களது உழைப்பில் ஒரு பகுதி, ஓலையிற் குத்தப்படாத புள்ளிகளுக்குச் செலுத்தப்பட்ட விலையே எனலாம். ஒரு கருவியின் எளிமைக்குரிய விலையை அதனைக் கையாண்டவன் செலுத்தாது பன்னூறாண்டு கழித்து வருவோன் செலுத்துதலும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஓலையின் குறையை நீக்கும் வழியும் எளிமையாகவே இருத்தல் கூடும் என்பதற்கு வீரமாமுனிவர் (1680–1747) செய்ததாகக் கூறப்படும் திருத்தம் சான்றாகும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் புள்ளியால் வேறுபடுத்தாது, நெடிற் கொம்புக்குச் சுழியொன்றைக் கூட்டி வேறுபடுத்தும் முறை அவர் பெயரால் வழங்குகின்றது. குத்துதலை விடுத்துச் சுழித்தலைக் கொண்டமையால் ஓலையும் புண்படாது. குறில் நெடில் வேறுபாடும் கெடாது. வரையறையை மறுக்காது அதனுள்ளேயே நின்று, இழந்த வேறுபாட்டை மீட்ட இத்திருத்தம் நல்லமைப்பிற்கு எடுத்துக்காட்டாகும்.

அடுத்துத் தட்டெழுத்துப் பொறியை நோக்குவாம். ஆங்கில மொழிக்கென அமைந்த இப்பொறியில் ஏறக்குறைய 45 விசைகள் உண்டு. ஒரு விசைக்கு இரண்டு உருவங்களாக 90 உருவங்களே அதில் அடங்கும். தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உள்ளன. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினோர் தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி இயலாதென்றே முடிவுசெய்தல் கூடும். யாழ்ப்பாணத்தில் 1886ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையில் மலாயாப் பக்கம் சென்று தொழில்புரிந்த இரா. முத்தையா அவ்வாறு முடிவுசெய்யவில்லை. அவரது முயற்சியின் பயனாகத் தமிழ்த் தட்டெழுத்துப் பொறி ஜெர்மனி நாட்டிற் செய்விக்கப்பட்டு வழக்கிற்கு வந்தது.

இதன்கண் பயின்ற சிந்தனை ஆராய்தற்பாலது. தமிழிலக்கணம் எழுத்திற்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு கூறும். 247 என்பது ஒலிவடிவுபற்றிய எண். பொறியோ ஒலியை அறியாது. மையேறிய உருவத்தையே அறியும். எனவே வரிவடிவு எத்தனை துண்டுகளாகப் பிரியும் என்பதே அமைப்பாளன் கேட்கவேண்டிய வினா. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18 என்பன 31 உருவங்கள். கால் ஒன்று, இகர ஈகார விலங்குகள் இரண்டு, கொம்புகள் மூன்று, புள்ளி ஒன்று ஆகிய ஏழு குறிகளையுங் கூட்டினால் 38 ஆகும். இவற்றைக்கொண்டே மெய்யெழுத்துகளையும் உயிர்மெய்களிற் பெரும்பாலனவற்றையும் ஆக்கிவிடலாம். எஞ்சுவன உகர ஊகார வரிசைகளின் 36 எழுத்துகள். அவற்றையுங் கூட்டினால் 74 ஆகும். எண்கள், நிறுத்தக்குறிகள், கிரந்த எழுத்துகள், அக்காலத்துச் சுழித்தெழுதப்பட்ட ணா, றா, னா முதலியன ஆகிய யாவும் சேருமிடத்துப் பொறியின் எல்லை கடந்துபோகும்.

ஆகவே உகர வரிசையும் பிரித்து நோக்கப்பட வேண்டியதாயிற்று. ‘து, நு, ணு, லு, று, னு’ என்பவற்றோடு இறுதியில் ஒரு குறியைச் சேர்த்தாலே ‘தூ, நூ, ணூ, லூ, றூ, னூ’ என்பன கிடைத்தலை எழுத்தறிந்தோர் யாவரும் காணலாம். ‘பு, யு, வு’ என்பன கீழிறங்கும் ஒரே கோட்டைப் பொதுவாகக் கொண்டன. ‘கு, டு, மு, ரு, ழு, ளு’ போல்வன தனித்தனி உருவினவாய் நிற்பன. பொதுமையுள்ளதைப் பிரித்தும் தனித்தன்மையுள்ளதைப் பேணியும் செல்லும் இம்முறை, வரையறை அமைப்பாளனுக்குக் கற்பிக்கும் பாடத்தை நன்கு விளக்குகின்றது. விசைகள் வரம்பின்றி வாய்த்திருப்பின் தமிழ் வரிவடிவத்தின் உள்ளமைப்பை இவ்வளவு கூர்ந்து நோக்குதற்கு எவரும் முன்வந்திரார்.

இனி, இவ்வெளிமைக்குரிய விலையைச் செலுத்தியவர் யாவர் என்பதைக் காண்போம். தட்டெழுத்துப் பொறியில் ஒரு விசையைத் தட்டியவுடன் தாளைத் தாங்கிய உருளை ஓரெழுத்தளவு நகரும். மேலே புள்ளி பெறவேண்டிய எழுத்திற்கு இந்நகர்வு இடையூறு. அதனை நீக்குதற்கு நகராவிசை பயன்பட்டது. அதனைத் தட்டினாற் புள்ளி பதியும், உருளை நகராது. பின்னர் ககரத்தைத் தட்டப் புள்ளியின் கீழே ககரம் பதிந்து, உருளை நகரும். எனவே ‘க்’ என எழுதக் கருதுவோன் புள்ளியை முன்னும் ககரத்தைப் பின்னும் தட்டவேண்டியவனானான். எழுதுங்கை காலங்காலமாகப் பழகிய முறைக்கு இது தலைகீழானது. அன்றியும் நகர்வு எல்லா எழுத்திற்கும் ஒரே அளவினதாதலின் அகன்ற ணகரம் நெருக்குண்டும் ஒடுங்கிய ரகரம் வெளிசூழ்ந்தும் நிற்க நேர்ந்தது.

சுமை இங்கும் இடம்மாறியுள்ளது என்பது வெளிப்படை. ஆயினும் ஓலையின் எளிமைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடுண்டு. இச்சுமையைத் தாங்கியவர் அதற்கெனப் பயின்று ஊதியம் பெற்ற தட்டெழுத்தாளர். அவரும் பயிலுங் காலத்தில் ஒருமுறை வருந்தினாரேயன்றி, விரல் பழகியபின் வருந்தவில்லை. படிப்போன் கைக்கு வந்த தாளிலோ புள்ளியும் குறிலும் நெடிலும் குறைவின்றி நின்றன. மொழியின் வேறுபாடுகளுள் ஒன்றும் இழக்கப்படவில்லை. அழகிற் சிறிது குறைந்ததெனினும் பொருளிற் குறைந்ததில்லை. ஆதலின் இப்பொறி பெற்ற எளிமை நேர்மையான எளிமை என்று மதிப்பிடுதல் தகும்.

பொறியை எழுத்திற்கேற்ப அமைப்பது ஒரு வழியாயின், எழுத்தைப் பொறிக்கேற்பத் திருத்துவது மற்றொரு வழி. எழுத்துச் சீர்திருத்தம் இவ்வழிப்பட்டது. பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935ஆம் ஆண்டு முதல் ‘குடி அரசு’ இதழிற் கையாண்ட வடிவங்களுள் ணா, றா, னா. ணை, னை, லை, ளை. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்னும் 13 எழுத்துகளின் புதிய வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டில் ஏற்று ஆணையிட்டது. பின்னர் இலங்கையிலும் அவை வழக்கிற்கு வந்தன. இத்திருத்தம் எவ்வேறுபாட்டையும் அழிக்கவில்லை. ககரத்திற்கும் மகரத்திற்கும் உரிய காலையும் கொம்பையுமே ணகரத்திற்கும் னகரத்திற்கும் அளித்து, விதிவிலக்குகளைப் பொதுவிதியுள் அடக்கிற்று. அச்சுக்கோப்போன், தட்டெழுத்தாளர், எழுத்துப் பயிலும் சிறுவர் ஆகிய மூவர் சுமையும் ஒருங்கே குறைந்தது. பழைய நூல்களைப் படிப்போர்க்குச் சில உருவங்களை மேலதிகமாக அறியவேண்டிய சிறுசுமை மட்டும் எஞ்சியது. வேலை உண்மையிலேயே அற்றுப்போன எளிமைக்கு இஃது உதாரணமாகும்.

உகர ஊகார வரிசைகளையும் பொதுக்குறிகளால் எழுதவேண்டும் என வா. செ. குழந்தைசாமி முதலிய அறிஞர் வற்புறுத்தியதை இதனோடு ஒப்பிடல் வேண்டும். சிறுவர் கற்கவேண்டிய உருவங்கள் குறையும் என்னும் அவர்தம் நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் 13 எழுத்துகளைத் திருத்துவதும், ‘கு, து, மு, ரு’ எனச் சொல்தோறும் பயிலும் எழுத்துகளைத் திருத்துவதும் ஒரு தன்மையன அல்ல. பின்னையது நிகழ்ந்திருப்பின், அதுவரை அச்சான நூல்கள் யாவும் அடுத்த தலைமுறைக்குப் பயின்று படிக்கவேண்டிய பழைய எழுத்தாய் மாறியிருக்கும். கற்கும் சிறுவனின் ஓராண்டுச் சுமையைக் குறைத்து, கற்றவனின் வாழ்நாட் சுமையைக் கூட்டும் எளிமை அது. கணினி வந்த பின்னர், பொறியின் பொருட்டு அத்திருத்தம் வேண்டும் என்னும் நியாயமும் வலியிழந்தது.

மூன்றாவதாகக் கணினியை நோக்குவாம். இதன்கண் விசைகளின் எண்ணிக்கை முன்போலவே குறுகியதாயினும், விசைக்கும் உருவத்திற்கும் இடையிலிருந்த இரும்புப் பிணைப்பு அறுந்தது. தட்டும் விசை ஒன்றாகவும் தோன்றும் உருவம் வேறாகவும் இருத்தல் இயல்வதாயிற்று. ஆகவே வரிவடிவைத் துண்டாடவேண்டிய தேவை நீங்கி, ஒலிவடிவிற்கு மீள வழி திறந்தது. சென்னையில் 1999ஆம் ஆண்டில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை இவ்வழியிற் சென்றது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1 ஆக 31 விசைகளே அதன் அடிப்படை. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது எனக் கொண்ட கணக்கோடு இஃது ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. உயிர்கள் இடக்கைப் பக்கத்தும் மெய்களிற் பெரும்பாலன வலக்கைப் பக்கத்தும் அமைந்தன. ககரத்தையும் இகரத்தையும் தட்டினாற் ‘கி’ தோன்றும். விலங்கைப்பற்றித் தட்டுவோன் எண்ணவேண்டுவதில்லை.

இவ்வமைப்பின் சிறப்பு மெய்ம்மயக்க விதியை அது பயன்கொண்ட திறத்திலேயே விளங்குகின்றது. ஒரே மெய் இருமுறை தட்டப்படின் முன்னதற்குப் புள்ளி தானே இடப்படும். ஙகரத்தின் பின் ககரமும், நகரத்தின் பின் தகரமும் போன்ற இனவெழுத்துகள் வரினும் அவ்வாறே. ‘அம்மா’ என எழுதுவோன் அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டுகளால் அதனை முடிக்கின்றான். உடனிலை மெய்ம்மயக்கமும் வேற்றுநிலை மெய்ம்மயக்கமும் மாணவர் பரீட்சைக்கு மனனஞ்செய்யும் விதிகளாக மட்டும் கருதப்பட்டு வந்தன. அவை ஒரு கருவியின் அமைப்பிற்கு அடிப்படையாக வந்துள்ளமை இலக்கணத்தின் பயன்பற்றி ஐயுறுவோர் சிந்திக்கவேண்டியதொன்று. ‘பாடடா’ என எழுத முயல்வோனுக்குப் ‘பாட்டா’ என வந்துநிற்கும் இடர்ப்பாடு இதன்கண் உண்டு. இடையில் அகரத்தைத் தட்டினால் அவ்விடர் தீரும். பலமுறை வருவதை எளிதாக்கிச் சிலமுறை வருவதற்கு ஒரு தட்டைக் கூட்டியது தக்க தேர்வே.

எழுத்துகளைக் கணினியிற் சேமிக்கும் யுனிகோட் முறையிலும் இதே நெறி காணப்படும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘கெ’ என்பதிற் கொம்பு கண்ணுக்கு முன்னே தோன்றினும், அதன் குறி ககரத்தின் பின்னரே சேமிக்கப்படுகின்றது. ஒலிக்கும் முறையும் அதுவே. முன்னே கொண்டுவந்து காட்டும் வேலையைப் பொறி மேற்கொள்கின்றது. தட்டெழுத்தாளர் தலையில் முன்னர் ஏற்றப்பட்ட சுமை இவ்வாறு பொறியினிடமே திரும்பிச் சென்றது.

ஆயினும் வரையறை நீங்கியவுடன் அதனாற் பிறந்த வடிவமும் நீங்கிவிடும் எனக் கருதுதல் தவறு. தட்டெழுத்துப் பொறியின் வழிவந்த விசைப்பலகைகள் கணினியிலும் நிலைபெற்றன. இலங்கையில் அறியப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் அம்மரபினதே. பொறியிற் பயின்ற விரல்களுக்கு இது பெருநன்மை. அப்பயிற்சியை வீணாக்கும்படி எவரையும் வற்புறுத்துதல் நியாயமன்று. ஆனால் தட்டெழுத்துப் பொறியைக் கண்ணாலும் காணாத சிறுவன், உருளையும் நகராவிசையும் இல்லாத கருவியில், அவற்றின்பொருட்டு அமைந்த ஒழுங்கைப் பயிலுதல், ஓலை மறைந்த பின்னும் ஓலைக்கு அஞ்சிப் புள்ளியிடாது எழுதுதலை ஒக்கும். காரணம் மறைந்த பின் காரியம் நிற்பது பழக்கத்தின் வலிமையைக் காட்டுமேயன்றி அமைப்பின் நன்மையைக் காட்டாது.

இக்காலத்திற் பலரும் விரும்பும் வேறொரு வழியும் உண்டு. ஆங்கில விசைகளாலேயே ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்துக் கூட்டித் தட்ட, கணினியோ கைத்தொலைபேசியோ அதனைத் தமிழாக மாற்றித் தரும். புதிய விசைப்பலகையைப் பயிலவேண்டாமையால் இதனினும் எளிது பிறிதில்லை எனத் தோன்றும். இங்கும் சுமை எங்கே சென்றதெனக் கேட்டல் வேண்டும். லகர ளகர ழகரங்களும், ணகர நகர னகரங்களும், ரகர றகரங்களும் ஆங்கிலத்தில் ஈரெழுத்தாலோ ஓரெழுத்தாலோ குறிக்கப்படுவன. அவற்றை வேறுபடுத்தப் பெரிய எழுத்து, இரட்டித்த எழுத்து என்னும் சூழ்ச்சிகள் வேண்டும். அன்றேல் பொறி ஊகித்துத் தருவதை ஏற்கவேண்டும். தமிழை நன்கு கற்றபின் இம்முறையைக் கைக்கொள்வோனுக்குத் தீங்கில்லை; அவன் ஊகத்தின் பிழையை உணர்ந்து திருத்துவான். தமிழைக் கற்கும்போதே இம்முறையைக் கைக்கொள்ளும் மாணவனோ, ‘பள்ளி’ என்பதையும் ‘பல்லி’ என்பதையும் வேறுபடுத்தவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தினூடாகத் தமிழை எண்ணப் பழகுகின்றான். ஓலை புள்ளியை விழுங்கியதுபோல இவ்வெளிமை ளகரத்தை விழுங்காது காத்தல் ஆசிரியர் கடனாகும்.

மேற்கூறியவற்றால் ஓர் அளவுகோல் பெறப்படும். எளிமையுடையதெனப் பாராட்டப்படும் கருவி எதுவாயினும், அதனை மூன்று வினாக்களால் அளத்தல் வேண்டும். பேணவேண்டிய வேறுபாடு ஏதேனும் அதனால் இழக்கப்பட்டதா என்பது முதல் வினா. நீக்கப்பட்ட வேலையை யார், எத்துணைக் காலம் தாங்குகின்றனர் என்பது இரண்டாம் வினா. எவ்வரையறையால் அவ்வடிவம் பிறந்ததோ அவ்வரையறை இன்னும் உள்ளதா என்பது மூன்றாம் வினா. ஓலை முதல் வினாவிலேயே தவறிற்று. தட்டெழுத்துப் பொறி முதலிரண்டிலும் தேறி, தன் காலம் கடந்து நின்றமையால் மூன்றாவதிற் குறைபட்டது. தமிழ்99 மூன்றிலும் தேறியதாயினும், அதனைப் பயில முற்படுவோர் தொகை பெருகினாலன்றி அத்தேர்ச்சி ஏட்டளவிலேயே நிற்கும்.

வரையறை தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. 45 விசைகள் என்னும் வரையறை தமிழ் வரிவடிவத்தின் அமைப்பைத் தெளிவுறுத்தியது. ஓலை என்னும் வரையறை அதனை மறைத்தது. வேறுபாடு வரையறையில் இல்லை, அதனை எதிர்கொண்ட முறையிலேயே உள்ளது. மாணவருட் சிலர் நாளைக்குக் கருவிகளை அமைப்போராய் வரக்கூடும். அவர்கள் ஒரு விசையையோ ஓரெழுத்தையோ நீக்குமுன், அதனால் இறங்கும் சுமையை ஏற்கப்போகும் மனிதனை ஒருகணம் நினைத்தல் வேண்டும். அவன் அப்பொழுது கண்முன் இல்லாதவனாக இருக்கலாம். இன்னும் பிறவாதவனாகவும் இருக்கலாம்.